ஹோலுக்கு ஒரு மழை, குசினிக்கு ஒரு மழை

முனவ்வறா சாச்சியின் வீட்டில் ஹோலுக்கு மேலே பெய்கிற மழைக்கு ஒரு சட்டம், குசினிக்கு மேலே பெய்கிற மழைக்கு இன்னொரு சட்டம். நான் கதை கட்டவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வந்து யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கல்முனைக் கரையோரத்தில் ஊர்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பஸ்காரனுக்கே தெரியாது. சபைகளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டு சபைகளின் எல்லைக்கோடு சாச்சியின் வீட்டுப் பக்கச் சுவரால் நுழைந்து, ஹோலுக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள கதவுநிலையில் ஓடி, அடுத்த சுவரால் வெளியே போகிறது. சபைகளின் பெயரைச் சொன்னால் இரண்டும் சேர்ந்து என்மேல் பாயும். ஆகவே வீட்டின் முன்பக்கத்தை ஆள்வது முன்சபை, பின்பக்கத்தை ஆள்வது பின்சபை என்று வைத்துக்கொள்வோம்.

சாச்சி எனக்குச் சொந்தச் சாச்சி இல்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் சாச்சிதான். கல்முனைச் சந்தையில் பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடித்து, பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்து, தான் நின்ற இடத்திலேயே ஏறியவர். மீன்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது முதலில் தராசைத் துடைப்பான். அது சாச்சிக்குப் பயந்து. சாச்சியின் கணவர் ஜவுபர் சாச்சா ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகில் போகிறவர். போனால் வரப் பல நாளாகும். வந்தால் முதல் வேலையாக, இந்தமுறை யாரோடு சண்டை என்று கேட்பார்.

சாச்சி பிறந்து வளர்ந்ததும் அந்த வளவில்தான். சுனாமி வீட்டைக் கொண்டுபோனது, நிலத்தை விட்டுவிட்டுப் போனது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் நிக்காஹ் செய்வார்கள். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் ஏறுவார். அதனால் நிலமும் பெண் பிள்ளைகளுக்கே பிரியும். வளவின் முன்பாதி மூத்தவரான முனவ்வறா சாச்சிக்கு. பின்பாதி அவரின் தங்கை நதீராவுக்கு. நதீராவின் கணவர் மவுத்தாகிவிட்டார். பின்வளவில் ஓர் அறையும், அதோடு ஒட்டிய ஓலைக் குசினியும். அந்தக் குசினியில் விடியவே இடியப்பம் அவித்து மூன்று தேநீர்க்கடைகளுக்குக் கொடுக்கிறார். அடுப்பு எரிந்தால் அவர் வீட்டிலும் சோறு. எரியாவிட்டால் இல்லை.

அந்த அடுப்பைத்தான் போன மாரியில் சாச்சி நூர்த்தார், அணைத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. மகள் ஸம்றாவுக்கென்று இந்த வீட்டைக் கட்டத் தொடங்கியபோது ஊர் வழக்கப்படி முதலில் நிலத்தை உயர்த்தினார். எங்கள் ஊரில் ஒருவன் வீடு கட்டினால் ட்ரக்டர் பெட்டி பெட்டியாகக் கிறவல் மண் கொட்டி, ரோட்டை விட ஒரு முழம் உயர்த்துவான். அடுத்த வீட்டுக்காரன் அதைவிட ஒரு சாண் கூட உயர்த்துவான். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் என்றால் உயரத்தில் நிற்க வேண்டும் என்ற ஒன்றுதான் எல்லார் தலையிலும் இருக்கிறது. யார் யாரை விட உயரம் என்று உலகக்கிண்ணம் போல் ஒரு போட்டி. சாச்சி அந்தப் போட்டியில் கிண்ணம் எடுத்தார். றோலர் பிடித்து அந்தச் சிவப்பு மண்ணைக் கல்லாக இறுக்கினார். மாரி வந்தது. முன்பு மணலுக்குள் இறங்கிப்போன தண்ணீர் இறங்க இடமில்லாமல், தகரவேலிக்குக் கீழால் வழுக்கி, நதீராவின் குசினிக்குள் போய் அடுப்பில் குந்தியது.

நதீரா வேலிக்கு வந்து கேட்டார்.

"றாத்தா, உங்கட முத்தத்துத் தண்ணிக்கு என்ட அடுப்புத்தான் கிடைச்சிச்சா?"

"அல்லாஹ் பெய்ய வெச்ச மழைக்கு நான் என்னடி செய்ற? நீயும் மண்ணப் போட்டு ஒசத்தேன்."

"ஒசத்துறன். என்ட மையத்த அடக்கக்குள்ள மண் போடுவாங்கதானே, அப்ப ஒசத்துறன்."

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பெருநாளைக்கு ஸம்றா மட்டும் வேலிக்கு மேலால் வட்டிலப்பத்தைக் கொடுத்தாள். நதீரா கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஸம்றாவிடம்தான்.

இந்த வருடம் வீடு முடிந்தது. ஸம்றாவுக்கு ஹாதிக் என்ற மாப்பிள்ளையும் பேசி முடிந்தது. மிச்சம் இருந்தது சபையின் சான்றிதழ். அது கிடைத்தால்தான் கரண்ட். கரண்ட் வந்தால்தான் திகதி வைப்போம் என்று மாப்பிள்ளையின் உம்மா ஆசியா உம்மா சொல்லியிருந்தார். கேட்டது நியாயம்தான், இருட்டு வீட்டில் யார் தன் மகனை ஏற்றுவார்?

சாச்சி முதலில் முன்சபைக்குப் போனார். அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர் மர்சூக் சேர். இளம் ஆள், சட்டையில் மடிப்பு மாறாது.

"உங்கட கூரையில விழுற தண்ணி உங்கட வளவுக்குள்ளேயே அடங்கோணும்," என்றார் அவர். "ரோட்டோரம் வெட்டின கான் ரோட்டுத் தண்ணிக்கு. வளவுத் தண்ணி ஒரு சொட்டுக் கானுக்கு வந்தாலும் நான் கையெழுத்து வைக்க ஏலா."

சரி என்று சாச்சி பின்சபைக்குப் போனார். அங்கே றாஸிக் சேர். ஓய்வுக்குக் கிட்டிய ஆள். வெயில் காலத்திலும் மழைக்கோட்டை மோட்டார் சைக்கிளில் கட்டியிருப்பார்.

"வளவுக்குள்ள தண்ணி நிக்கப்படாது. குழாய் போட்டுக் கானுக்கு உடோணும். நிண்டா நுளம்பு. நுளம்பெண்டா டெங்கு."

"அவர் அடக்கச் சொல்றார் சேர்."

"அது அவங்கட சபை."

"மழை ஒண்டுதானே சேர்?"

"மழை ஒண்டு. சபை ரெண்டு."

சாச்சி இதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி ஏசினார். "ஒராள் கட்டி வை எண்டுறார். மத்தாள் அவுத்து உடு எண்டுறார். நான் மழையப் பாத்துச் சொல்லட்டா, ஹோலுக்கு மேல பெய்ற நீ இஞ்ச நில்லு, குசினிக்கு மேல பெய்ற நீ ரோட்டுக்கு ஓடு எண்டு?" என்றார். பின்சபைச் சட்டத்தில் இன்னொரு பகிடியும் இருந்தது. கானுக்கு விடச் சொல்கிறார்கள்; பின்பக்க ஒழுங்கையில் கானே இல்லை. முன்பக்கம் அருமையான கான் இருக்கிறது. அதற்குள் விடக் கூடாது.

பிறகுதான் சாச்சி அந்த வேலையைப் பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை. இரண்டு சேர்மாரையும் ஒரே நாள், ஒரே நேரத்துக்கு வீடு பார்க்கக் கூப்பிட்டார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

மர்சூக் சேர் முன்வாசலால் வந்து ஹோலில் உட்கார்ந்தார். றாஸிக் சேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

"உள்ள வாங்க சேர், இரிங்க."

"இஞ்ச எனக்கு அதிகாரமில்ல."

"இரிக்கிறதுக்குமா சேர்?"

அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். சாச்சி அவருக்குக் குசினியில் தேங்காய் திருவும் இடத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டார். தேநீர்த் தட்டைக் கதவுநிலையில், சரியாக எல்லைக்கோட்டின் மேல், ஒரு முக்காலியில் வைத்தார். இரண்டு பேரும் அவரவர் ஆட்சியிலிருந்து கையை நீட்டி எடுத்துக் குடித்தார்கள். ஒழுங்கைப் பொடியன்கள் எல்லாரும் யன்னலில். சாச்சி எங்களை விரட்டவில்லை. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"இப்ப ரெண்டு பேரும் ஒராளுக்கொராள் கதைச்சி ஒரு முடிவு சொல்லுங்க," என்றார் சாச்சி. "ஒரே ஊடு. ஒரே கூர. ஒரே புள்ளட கலியாணம்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சட்டப் பிரிவுகளின் இலக்கங்களைச் சொல்லி விளையாடினார்கள். வெளியே தூறத் தொடங்கியது. மர்சூக் சேர் எழும்பி, பின்யன்னலால் எட்டிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"பின்னால ஒரு பள்ளக்காணி கிடக்குதே. கூரைப் பீலி எல்லாத்தையும் அந்தப் பக்கம் திருப்பி உடுங்க. முன்பக்கம் தண்ணி ரோட்டுக்கு வராது. எனக்குப் போதும், வைக்கிறன் கையெழுத்து."

றாஸிக் சேரும் எட்டிப் பார்த்தார். "ஓம், அதுவும் சரிதான். வளவுக்குள்ள நிக்காது. அங்கால வழிஞ்சி தோணா வாய்க்காலுக்குப் போயிரும். ஒரு ஓலக் கொட்டில்தானே கிடக்கு."

இரண்டு சபைகளும் முதல்தடவையாக ஒத்துப்போன இடம் அது. இரண்டு பேரின் கையிலும் பேனை வந்துவிட்டது. ஸம்றா கதவுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஓம் என்ற ஒரு சொல்லோடு கரண்ட், திகதி, மாப்பிள்ளை எல்லாம் வந்திருக்கும்.

"அது கொட்டில் இல்ல சேர்," என்றார் சாச்சி. "அது என்ட தங்கச்சிட குசினி."

"தங்கச்சியெண்டா நல்லதுதானே, சொல்லி விளங்கப்படுத்துங்க. குடும்பத்துக்குள்ளதானே," என்றார் மர்சூக் சேர்.

"தங்கச்சியும் நானும் கதைக்கிறல்ல."

"அப்ப என்ன கவலை?" என்றார் றாஸிக் சேர்.

சாச்சி முக்காலியிலிருந்த தட்டை எடுத்தார். றாஸிக் சேரின் தேநீர் பாதியில் நின்றது.

"இன்னொருக்கா அவட அடுப்ப நூத்தனெண்டா, அவ என்னோட எப்ப சேர் கதைக்கிற? மையத்துலயா? பேனைய மூடுங்க. ரெண்டு பேரும்தான்."

தகரவேலிக்கு அந்தப் பக்கம் நதீராவின் குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அது நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

சேர்மார் போன பிறகு ஸம்றா அழுதாள். "கையெழுத்து வைக்கத்தானே வந்தாங்க! நீங்கதான் விரட்டிட்டீங்க உம்மா."

"உன்ட சாச்சி நதீராட அடுப்ப மிதிச்சுக்கிட்டு வாற மாப்பிள்ளையா உனக்கு வேணும்?"

"அவர் மிதிச்சுக்கிட்டு வரமாட்டார். மோட்டார் சைக்கிள்ள வருவார்."

"வாயப் பாரு. போய் அலவாங்க எடுத்துட்டு வா."

சாச்சி முற்றத்தில் இறங்கி அலவாங்கைக் குத்தினார். கல்லாக இறுகிய கிறவல் தீப்பொறி பறக்கவிட்டது. அவர் நினைத்தது ஒன்றுதான்: நான் உயர்த்தியதால்தானே அவளுக்குத் தண்ணீர், நானே இறக்குகிறேன். வேறு கணக்கு எதுவும் அவரிடம் இருக்கவில்லை. எங்கள் ஊரில் முற்றத்தை உயர்த்தியவன் உண்டு. உயர்த்திய முற்றத்தைப் பணிய வெட்டியவனை யாரும் கண்டதில்லை. ஒழுங்கையே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"என்னகா முனவ்வறா, பொதையல் தேடுறியா?"

"ஓம். உன்ட புத்திய இஞ்சதான் பொதைச்சியாம், தோண்டித் தாறன்."

ஸம்றாவும் மண்வெட்டி எடுத்தாள். மருதோண்டி போடுகிற கையில் கொப்புளம் வந்துவிடும் என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். நாங்களும் சும்மா நிற்க வெட்கப்பட்டு இறங்கினோம். கிறவல் இரண்டு முழம் போனதும் கீழே பழைய கடல்மணல் வெள்ளையாகச் சிரித்தது. வெட்டிய மண்ணைக் கொட்ட இடமில்லாததால் பின்சபை ஒழுங்கையிலிருந்த பள்ளங்களுக்குள் போட்டு நிரப்பினோம். அனுமதியில்லாமல் ரோட்டைத் திருத்துவது குற்றம் என்று அடுத்த நாள் றாஸிக் சேர் ஆள் அனுப்பினார். கிண்டி எடுத்துக்கொண்டு போங்கள், பள்ளம் உங்களுடையதுதான் என்று சாச்சி சொல்லியனுப்பினார்.

ஜவுபர் சாச்சா கடலிலிருந்து வந்து, ரோட்டோரத்தில் மீன்பையோடு நின்றுவிட்டார். தான் கடல் கடலாக ஓடிக் கொட்டிய மண் அது.

"என்னடி இது? ஊட்டையே காணல்ல."

"ஊடு அங்கதான் இரிக்கி. முத்தம்தான் கொஞ்சம் எறங்கியிரிக்கி."

"இந்தமுறை ஆரோட சண்டை?"

"என்னோடதான்," என்றார் சாச்சி. சாச்சா மீன்பையை மகளிடம் கொடுத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

அடுத்த வாரம் பெருமழை. முற்றம் முதலில் குளமானது. வேலிக்குப் போகவில்லை, வேலியடி இப்போது மேடு. லுஹருக்குப் பள்ளியில் பாங்கு சொன்ன நேரம் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஈரமாகக் கிடந்தது.

மர்சூக் சேர் வந்தார். ரோட்டுக்குச் சொட்டு வரவில்லை. கையெழுத்து வைத்தார். றாஸிக் சேரும் வந்தார், மழைக்கோட்டோடு. குனிந்து நுளம்புக் குடம்பி தேடினார். தேடத் தண்ணீர் இல்லை.

"வடிஞ்சிரிக்கிதான். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா சட்டத்துல கானுக்கெண்டுதான் எழுதியிரிக்கி."

"கான் எங்க சேர்?"

"வரும். மதிப்பீடு போயிரிக்கி."

"அப்ப கான் வரக்குள்ள என்ட தண்ணியும் வரும். அதுவரைக்கும் மண்ணுக்குள்ள இரிக்கட்டும்."

அவர் கையெழுத்து வைக்கவில்லை. அனுமதி கிடைக்கும்வரை இப்பகுதியைப் பாவிக்கக் கூடாது என்று ஓர் அறிவித்தலைக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். சாச்சி முன்சபைச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு கரண்டுக்குப் போனார். மீற்றர் மாட்டுகிற சுவர் முன்பக்கம். முன்பக்கத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஹோலுக்கும் அறைகளுக்கும் வெளிச்சம் வந்தது. குசினி இருட்டு.

ஆசியா உம்மா திகதி பேச வந்தார். ரோட்டில் நின்று பணிந்து கிடந்த முற்றத்தைப் பார்த்தார். ஊரெல்லாம் ஏற, இந்த வீடு மட்டும் இறங்கியிருந்தது.

"முத்தம் ரோட்டுக்குக் கீழ கிடந்தா சனம் என்ன சொல்லும் முனவ்வறா? கலியாணத்துக்கு முன்ன மண்ணப் போட்டு நிரப்புங்க."

"சனம் எறங்கி வரும், சாப்பிடும், ஏறிப் போகும். மண் போடமாட்டன்."

"எங்களுக்கும் ஒரு மரியாத இரிக்கி."

"இரிக்கட்டும். அது என்ட தங்கச்சிட அடுப்புக்கு மேலயா இரிக்கோணும்?"

ஆசியா உம்மா சீனி போடாத தேநீரைக் குடிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார். ஸம்றா மூன்று நேரமும் சாப்பிடவில்லை. சாச்சி வழக்கத்தை விட உரத்துக் கதைத்தார். பயந்தால் அவர் அப்படித்தான். இரண்டு நாள் கழித்து ஹாதிக் தன் உம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். தான் இறங்கி, உம்மாவுக்கும் கை கொடுத்து முற்றத்தில் இறக்கினான். ஆசியா உம்மா கையைத் தட்டிவிட்டார்.

"உடு, எனக்கு எறங்கத் தெரியும். எப்ப திகதி?"

இப்போது ஒரே தொல்லை. கலியாணத்துக்குச் சமைக்க வேண்டும். குசினிச் சுவரில் அறிவித்தல். அதைக் கிழித்தெறியச் சாச்சிக்கு ஒரு நிமிடம் போதும். கிழித்தால் முன்பக்கக் கரண்டையும் வெட்டிவிடுவார்கள் என்று ஸம்றா காலைப் பிடித்தாள். கொண்டக்டரிடம் போன கால், இரண்டு சபைகளிடமும் போன கால், வேலியடிக்குப் போகத்தான் தயங்கியது. கடைசியில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போனார்.

"நதீரா."

திருவல் சத்தம் நின்றது. "என்ன?"

"கலியாணத்துக்குச் சமைக்க இடமில்ல. குசினிய மூடி வெச்சிரிக்கானுகள்."

"தெரியும். ஊரே பாத்திச்சு."

"உன்ட குசினிய…"

"என்ட குசினியில நான் சொல்றதுதான் சட்டம்."

"சொல்லு."

"உப்புப் பாக்கிற நான். நீங்க சட்டிக்குள்ள கைய உடப்படாது."

"உடல்ல."

"செருப்போட வரப்படாது."

"வரல்ல."

"போன மாரி நனைஞ்ச விறகு எல்லாம் உக்கிப் போச்சு."

"நல்ல விறகா நானே சொமந்து போடுறன்டி. வேற?"

வேலிக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயமாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

"தகரத்தக் கழட்டுங்க. பெரிய சட்டி வேலியால வராது."

கலியாணத்தன்று காலையிலேயே மழை கொட்டியது. ஆட்கள் குடையோடு முற்றத்தில் இறங்கி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஹோலுக்குள் ஏறினார்கள். றாஸிக் சேரும் வந்திருந்தார். அவர் ஹாதிக்கின் வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியாம். ஹோலில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பின்னால் நதீராவின் குசினியில் நாலு அடுப்பு. தரை காய்ந்து கிடந்தது. ஓலையின் நுனியிலிருந்து ஒழுகிய தண்ணீர் வாசலுக்கு வெளியே மணலில் துளை துளையாக இறங்கியது. புகைக்குள் நின்று நதீரா ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். முனவ்வறா சாச்சி பட்டுச் சாரியோடு, செருப்பில்லாமல் வந்தார். பெரிய சட்டியின் மூடியைத் திறந்தார். கையை விட்டார். நக்கிப் பார்த்தார்.

"உப்புக் காணாதுடி."

"றாத்தா! கைய எடுங்க! வெளிய போங்க!"

சாச்சி போகவில்லை. உப்புப் பேணியைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றார்.